ஒரே அடிமானம் கொண்ட அடுக்குகளை வகுப்பது எப்படி: விரித்து எழுதுவதிலிருந்து சரிபார்ப்பது வரை

மலேசிய இடைநிலைப்பள்ளியின் படிவம் 3 கணிதத்தில் முதல் பாடம் அடுக்குகள். அதில் வகுத்தலுக்கு ஒரே வரி விதி: அடிமானம் ஒன்றாக இருந்தால், மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்கைக் கழி. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் 12க⁸ ÷ 4க³ என்று கொடுத்தால் 8க⁵ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் போட்டுப் பழகி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடர்கிறவர்கள். அவர்கள் தடுக்கி விழும் இடம் எப்போதும் விதிக்கு முன்னால்தான் இருக்கிறது. எதை எதோடு கழிக்க வேண்டும் என்று பார்க்காமலேயே கழிக்கப் பாய்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையில் கழித்தல் ஆறாவதாகத்தான் வரும். வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் அண்ணன், அக்காமாரும் இதே வரிசையில் போகலாம்.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் இடத்தில் இங்கே க, ப என்று எழுதுகிறேன். எந்த எழுத்தானாலும் வேலை ஒன்றுதான். கீழே வரும் எழுத்தின் மதிப்பு பூஜ்யமாக இருக்கக்கூடாது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

5⁷ என்பதில் 5 அடிமானம், 7 அடுக்கு. பள்ளியில் இவற்றை அசாஸ், இண்டெக்ஸ் என்று சொல்வார்கள். 4க³ என்பதில் முன்னால் நிற்கும் 4 கெழு, பள்ளியில் பெக்காலி. இந்த மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டுக் காட்டத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த படி எதுவும் ஒட்டாது.

குறை எண்களைக் கழிக்கத் தெரிய வேண்டும். 3 − 7 எவ்வளவு, 2 − (−5) எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதற்கு −3 என்று பதில் வந்தால், அடுக்கை மூடி வைத்துவிட்டு ஒருநாள் எண்கோட்டில் உட்காருங்கள். அடுக்குப் பாடத்தில் தெரியும் பாதித் தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2-இன் அடுக்குகள் 1024 வரை, 3-இன் அடுக்குகள் 729 வரை, 5-இன் அடுக்குகள் 625 வரை நினைவில் இருந்தால் நல்லது. சரிபார்க்கும்போது நேரம் மிச்சமாகும்.

அப்புறம் கையெழுத்து. அடுக்கைச் சின்னதாக, அடிமானத்தின் வலது தோளுக்கு மேலே எழுத வேண்டும். அவசரத்தில் 5⁷ கீழே இறங்கி, அடுத்த வரியில் 57 ஆகிவிடுகிறது. அதற்கும் அடுத்த வரியில் பிள்ளை அதை ஐம்பத்தேழு என்றே படிக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் அடிமானத்துக்கு ஒரு கட்டம், அடுக்குக்கு அதன் மேல் மூலை என்று பழக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

2. விதியைச் சொல்லாமல் விரித்து எழுதச் சொல்லுங்கள்

5⁷ ÷ 5³ என்பதைக் கோடு போட்டு இப்படி எழுதுங்கள்:

மேலே: 5 × 5 × 5 × 5 × 5 × 5 × 5
கீழே: 5 × 5 × 5

மேலே ஒரு 5, கீழே ஒரு 5 சேர்ந்தால் 5/5, அதாவது 1. அப்படி மூன்று ஜோடி வெட்டலாம். மேலே நான்கு 5 மிச்சம். விடை 5⁴, அதாவது 625. பெருக்கிப் பார்த்தாலும் 78125 ÷ 125 = 625 தான்.

ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு. கழித்தல் வருவது இங்கேதான்: வெட்டியது போக எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறோம். இப்படிச் சில கணக்குகளை விரித்துப் போட்டபின், “ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நீளமா எழுதணுமா சார்?” என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வி வந்தபிறகு விதியைச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் அது வெறும் மந்திரமாக நின்றுவிடும்.

விரித்து எழுதாமல் குதித்தவர்களிடம் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதல் தவறு, அடிமானத்தையும் வெட்டுவது. “மேலேயும் அஞ்சு, கீழேயும் அஞ்சு, வெட்டியாச்சு சார்” என்று சொல்லி 1⁴ = 1 என்று முடிப்பார்கள். விரித்து எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, மிச்சம் நிற்கும் நான்கு 5-ஐயும் அவர்களையே எண்ணச் சொன்னால் போதும்.

இரண்டாவது, கேள்வியில் வகுத்தல் குறி இருப்பதால் அடுக்குகளையும் வகுப்பது. 2⁶ ÷ 2² என்பதை 2³ என்று எழுதுவார்கள். 64 ÷ 4 = 16; 16 என்பது 2⁴. எண்ணாகப் போட்டுக் காட்டினால் பிள்ளை ஒப்புக்கொள்ளும்.

சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் உதாரணமாக 2⁴ ÷ 2² கொடுக்கவே கொடுக்காதீர்கள். 4 − 2 என்றாலும் 2, 4 ÷ 2 என்றாலும் 2. தவறாகச் செய்த பிள்ளைக்கும் சரியான விடை வந்துவிடும். தவறு உள்ளே பதுங்கிக்கொண்டு தேர்வன்று வெளியே வரும். மேல் அடுக்கு 7, கீழ் அடுக்கு 3 என்பது போல மீதமில்லாமல் வகுபடாத ஜோடியாகப் பார்த்துக் கொடுங்கள்.

3. வகுத்தல் குறியைக் கோடாக மாற்றுங்கள்

12க⁸ ÷ 4க³ என்று கேள்வி வந்தால், முதல் வேலை அதை மேலே 12க⁸, கீழே 4க³ என்று பின்ன வடிவில் எழுதுவது. ஒரே வரியில் இருக்கும்போது 4 மட்டும் வகுக்கிறதா, 4க³ முழுவதும் வகுக்கிறதா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கோடு போட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

கால்குலேட்டரில் தட்டும்போதும் வகுக்கும் பகுதி முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

4. அடிமானம் உண்மையில் ஒன்றுதானா?

க⁷ ÷ ப³ என்பதைச் சுருக்க வழியில்லை. அப்படியே விட வேண்டும். வெட்ட ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

குறி விஷயத்தில் கவனம் தேவை. (−3)⁵ ÷ (−3)² என்பதில் இரண்டு அடிமானமும் −3. கழித்தால் (−3)³ = −27. சரி, −3⁴ ÷ (−3)² என்று வந்தால்? அடைப்புக்குறி இல்லாத −3⁴ என்பதில் அடிமானம் 3 மட்டும்தான். கழித்தல் குறி வெளியே நிற்கிறது. அதன் மதிப்பு −81. கீழே (−3)² = 9. விடை −9. அடிமானம் −3 என்று நினைத்துக் கழித்தவர்களுக்கு (−3)² = 9 என்று வரும். குறி மாறிப்போய்விடும்.

கூட்டல், கழித்தல் குறி இடையில் இருந்தால் இந்த விதிக்கு அங்கே வேலையே இல்லை. 2⁵ − 2³ என்பது 32 − 8 = 24. அடுக்கைக் கழித்து 2² என்று எழுதக்கூடாது. அதே மாதிரி (க⁷ + க³) ÷ க³ என்றால் மேலே உள்ள இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே வகுக்க வேண்டும்: க⁴ + 1. இரண்டாவது க³-ஐ மட்டும் கீழே உள்ளதோடு வெட்டிவிட்டு க⁷ என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

5. எண்ணைத் தனியே, எழுத்தைத் தனியே பிரியுங்கள்

12க⁸ / 4க³ = (12/4) × (க⁸/க³)

இந்த ஒரு வரியை எழுத வையுங்கள். நன்றாகப் போடும் பிள்ளைகளுக்கும் முதல் சில வாரம் இதில் சலுகை வேண்டாம். எண்ணுக்கு வகுத்தல், அடுக்குக்குக் கழித்தல் என்று இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒரே பார்வையில் இரண்டையும் செய்யப் போனால் ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடும். 12 − 4 = 8 என்று வந்த 8க⁵ அப்படி விளைந்ததுதான். பிரித்து எழுதினால் 3 × க⁵ = 3க⁵.

கெழு சரியாக வகுபடாவிட்டால் பின்னமாகச் சுருக்கி விடுங்கள். 12க⁸ ÷ 18க³ = (2/3)க⁵. 0.67 என்று தசமத்தில் எழுதினால் விடையின் துல்லியம் போய்விடும்.

இரண்டு எழுத்து வந்தால் மூன்று பிரிவு. 18க⁵ப³ ÷ 6க²ப³ = (18/6) × (க⁵/க²) × (ப³/ப³) = 3 × க³ × 1 = 3க³.

6. இப்போது கழியுங்கள்: மேல் கழித்தல் கீழ்

வரிசை மாறக்கூடாது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் பழக்கம் ஆரம்பப்பள்ளியிலிருந்து கையோடு வருகிறது. க³ ÷ க⁷ என்றாலும் 7 − 3 = 4, ஆகவே க⁴ என்று எழுதிவிடுகிறார்கள். மேலே இருப்பது 3. அதனால் 3 − 7 = −4. விடை க⁻⁴.

அடுக்கு எழுதாத எழுத்துக்கு அடுக்கு 1. 6க⁵ ÷ 2க என்றால் கழிக்க வேண்டியது 1, விடை 3க⁴. அடுக்கு இல்லையே என்று பூஜ்யமாக எண்ணி 3க⁵ என்று விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கேள்வியைப் பார்த்ததும் தனியாக நிற்கும் க-வின் தோளில் பென்சிலால் ஒரு சின்ன 1 போடச் சொல்லுங்கள். நான் மூத்த மாணவர்களையும் போட வைக்கிறேன்.

குறை அடுக்கு கீழே இருந்தால் அடைப்புக்குறி போட்டே கழியுங்கள்: க² ÷ க⁻⁵ = க^(2 − (−5)) = க⁷. எண்ணில் பார்ப்போம். 2⁻⁵ என்றால் 1/32. 4-ஐ 1/32-ஆல் வகுத்தால் 128, அது 2⁷. இந்த ^ குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் அடுக்கு என்று பொருள்.

பின்ன அடுக்கு வந்தாலும் விதியில் மாற்றமில்லை. க^(5/2) ÷ க^(1/2) = க^(4/2) = க².

7. பூஜ்ய அடுக்கும் குறை அடுக்கும்

7³ ÷ 7³ என்றால் 343 ÷ 343 = 1. அடுக்கைக் கழித்தால் 7⁰. ஒரே கணக்குக்கு இரண்டு விடை இருக்க முடியாது, ஆகவே 7⁰ = 1. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் ‘எதன் பூஜ்ய அடுக்கும் 1’ என்று மட்டும் சொன்னால், பிள்ளை சில நாளில் 0 என்று எழுத ஆரம்பித்துவிடும். எல்லாம் வெட்டுப்பட்டால் ஒன்றுமில்லை, அதாவது பூஜ்யம் என்று அதன் மனம் சொல்கிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு ஜோடியும் 1 ஆகிறது. 1-களைப் பெருக்கினால் 1 என்று திருப்பிக் காட்டுங்கள்.

குறை அடுக்கையும் விரித்தே பாருங்கள். 2³ ÷ 2⁵ என்பதில் மேலே மூன்று 2, கீழே ஐந்து 2. மேலே உள்ளதெல்லாம் தீர்ந்து, கீழே இரண்டு மிச்சம்: 1/2² = 1/4. கழித்தால் 2⁻². ஆகவே 2⁻² என்பது 1/4. மிச்சம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது என்பதைத்தான் அந்தக் குறைக்குறி சொல்கிறது. விடையே குறை எண் என்று நினைத்து −4 என்று எழுதுகிறவர்கள் உண்டு.

இன்னொரு பொறி: 3க⁻². அடுக்கு க-வுக்கு மட்டும்தான் சொந்தம். ஆகவே இது 3/க². 3-ஐயும் கீழே இறக்கி 1/(3க²) என்று எழுதினால் மதிப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

கேள்வியில் ‘பெர்முடாஹ்கான்’ அல்லது ‘ரிங்காஸ்கான்’ என்றிருந்தால் சுருக்கிய வடிவம் கேட்கிறார்கள். ‘நிலாய்கான்’ என்றிருந்தால் எண் விடை வரை போக வேண்டும். 5⁴ என்று நிறுத்துவதா, 625 என்று முடிப்பதா என்பதைக் கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. நீளமான கணக்குகள்

வகுத்தலும் பெருக்கலும் கலந்து வந்தால் இடமிருந்து வலம்.

2⁹ ÷ 2⁴ ÷ 2³: 9 − 4 − 3 = 2. விடை 2² = 4. பின்னால் இருக்கும் 2⁴ ÷ 2³-ஐ முதலில் போட்டால் 2⁸ வரும், அது தவறு.

3⁸ ÷ 3⁵ × 3²: 8 − 5 + 2 = 5. விடை 3⁵ = 243. பெருக்கல் முதலில் என்று நினைத்து 3⁵ × 3²-ஐச் சேர்த்தவர்களுக்கு 3 என்று வரும்.

அடைப்புக்குறிக்கு வெளியே அடுக்கு இருந்தால் அதை முதலில் உள்ளே அனுப்புங்கள். (2க³)⁴ ÷ 4க⁵ என்பதில் நான்காம் அடுக்கு 2-க்கும் போக வேண்டும், க³-க்கும் போக வேண்டும்: 16க¹² ÷ 4க⁵ = 4க⁷. 2-ஐ அப்படியே விட்டு 2க¹² என்று எழுதினால் அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பயனில்லை.

9. அடிமானம் வேறு மாதிரித் தெரிந்தால்

8² ÷ 2³ என்பதைப் பார்த்ததும் முடியாது என்று ஒதுக்காதீர்கள். 8 = 2³. ஆகவே 8² = (2³)² = 2⁶. விடை 2⁶ ÷ 2³ = 2³ = 8. அதேபோல் 27² ÷ 9 = 3⁶ ÷ 3² = 3⁴ = 81. தேர்வில் 4, 8, 16, 32 ஒரு குடும்பம். 9, 27, 81 ஒரு குடும்பம். 25, 125, 625 ஒரு குடும்பம். முதல் பிரிவில் சொன்ன மனப்பாடம் இங்கே கைகொடுக்கும்.

6⁵ ÷ 2³ வந்தால் 6-ஐக் காரணிகளாகப் பிரியுங்கள்: 2⁵ × 3⁵ ÷ 2³ = 2² × 3⁵ = 4 × 243 = 972. இங்கே 6-லிருந்து 2-ஐ வகுத்து 3² என்று எழுதும் ஆசை வரும். விரித்து எழுதினால் அந்த ஆசை போய்விடும்.

10. அடுக்கிலேயே எழுத்து வந்தால்

2^(ன+3) ÷ 2^(ன−1). கழிக்கும்போது இரண்டாவது அடுக்கை முழுவதுமாக அடைப்புக்குறிக்குள் வையுங்கள்: (ன + 3) − (ன − 1) = ன + 3 − ன + 1 = 4. விடை 16. அடைப்புக்குறி போடாதவர்கள் ன + 3 − ன − 1 = 2 என்று 4-இல் முடிப்பார்கள். ன = 2 என்று வைத்துப் பாருங்கள்: 2⁵ ÷ 2¹ = 16.

சமன்பாடாகவும் கேட்பார்கள். 3^ன ÷ 3² = 81. வலப்பக்கத்தையும் 3-இன் அடுக்காக்கினால் 3^(ன−2) = 3⁴. இரு பக்கமும் அடிமானம் ஒன்றானபின் அடுக்குகளை மட்டும் சமப்படுத்துங்கள்: ன − 2 = 4, ன = 6.

11. பத்தின் அடுக்குகள்

அடுத்த பாடமான பெந்தோக் பியாவாயில், அதாவது எண்களைப் பத்தின் அடுக்கோடு எழுதும் திட்ட வடிவத்தில், இந்த வகுத்தல் மீண்டும் வரும். நமக்குப் பழக்கமான அளவிலேயே போடலாம். ஒரு செம்பனைத் தோட்டத்தின் பரப்பு 3 × 10⁶ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டர் 10⁴ சதுர மீட்டர். 3 × 10⁶ ÷ 10⁴ = 3 × 10² = 300 ஹெக்டர்.

பிள்ளைகளுக்குக் கைப்பேசிக் கணக்கு இன்னும் பிடிக்கும். 64 ஜிகாபைட் இடம், ஒரு படம் 4 மெகாபைட். (64 × 10⁹) ÷ (4 × 10⁶) = 16 × 10³. பெந்தோக் பியாவாயில் முன்னால் நிற்கும் எண் 1-க்குக் குறையாமல், 10-க்கு உள்ளே இருக்க வேண்டும். ஆகவே 1.6 × 10⁴, அதாவது 16000 படங்கள். கெழுவை வகுத்ததோடு நிறுத்திவிட்டு இந்தக் கடைசித் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

12. சரிபார்ப்பது

மிக வேகமான வழி திருப்பிப் பெருக்குவது. 12க⁸ ÷ 4க³ = 3க⁵ என்றால், 3க⁵ × 4க³ = 12க⁸ வர வேண்டும். வருகிறது. 8க⁵ எழுதியவர் பெருக்கினால் 32க⁸ வரும்; தவறு உடனே தெரிந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணை வையுங்கள். 1 வைக்காதீர்கள். 1-இன் எந்த அடுக்கும் 1 என்பதால் அடுக்கில் உள்ள தவறு தெரியாது. க = 2 என்றால் மேலே 12 × 256 = 3072, கீழே 4 × 8 = 32. 3072 ÷ 32 = 96. நம் விடையில் 3 × 32 = 96. பொருந்துகிறது.

13. பயிற்சி, இந்த வரிசையில்

ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஒரு சிக்கலைத் தொடுகிறது. முதலாவது சரியாகாமல் இரண்டாவதுக்குப் போக வேண்டாம். விடைகளைத் தாளால் மூடிக்கொள்ளுங்கள்.

அ) 3⁹ ÷ 3⁵
ஆ) 20க⁶ ÷ 5க
இ) 9க⁴ப² ÷ 12கப⁵
ஈ) (3க²)³ ÷ 9க⁸
உ) 4³ ÷ 8 × 2⁻¹
ஊ) 5^(2ன) ÷ 5^(ன−3) = 625, ன எவ்வளவு?

விடைகள்: அ) 81. ஆ) 4க⁵. இ) 3க³/(4ப³); ப கீழே தங்குகிறது, ஏனென்றால் 2 − 5 = −3. ஈ) 27க⁶ ÷ 9க⁸ = 3க⁻² = 3/க². உ) 2⁶ ÷ 2³ × 2⁻¹ = 2² = 4. ஊ) 2ன − (ன − 3) = ன + 3; 625 = 5⁴; ஆகவே ன = 1. ன = 7 என்று வந்திருந்தால், பத்தாவது பிரிவில் அடைப்புக்குறி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: 2ன − ன − 3 என்று எழுதியிருப்பீர்கள்.